அடுத்த கல்யாண அட்வான்ஸில் போன கல்யாண ஆல்பம்

கல்யாண ஆல்பம் கைக்கு வர ஒரு வருடம் ஆனது, தலைப்பிள்ளைக்குக் காதுகுத்து முடிந்த பிறகுதான் வந்தது என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. போட்டோகிராபர் பொறுப்பில்லாதவர் என்று பேசி முடித்துவிடுவார்கள். பல நேரம் நடந்தது வேறு. படங்களைக் குடும்பம் எப்போதோ தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கும், டிசைனும் முடிந்திருக்கும். ஆல்பம் அச்சிடும் லேபுக்குக் கட்ட வேண்டிய 12,000 ரூபாய்தான் அவர் கையில் இருக்காது. அந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய பணம் அதற்கு முந்தைய கல்யாணத்தின் ஆல்பத்துக்கும், எடிட்டர் பாக்கிக்கும், வீட்டு வாடகைக்கும் போயிருக்கும். இந்த ஆல்பம் அச்சேற வேண்டுமென்றால் அடுத்த முகூர்த்தத்துக்கு யாராவது அட்வான்ஸ் தர வேண்டும்.

இத்தனைக்கும் அவர் வேலை தெரிந்தவர். மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்திலும் பட்டுப்புடவையின் நிறம் மாறாமல் எடுக்கக்கூடியவர். முகூர்த்த நேரத்தில் ஐயருக்கும் மாமன்மார்களுக்கும் நடுவே எங்கே நின்றால் தாலி கட்டுவது முழுதாகப் பதியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் “மாசம் உங்களுக்கு எவ்வளவு நிக்குது?” என்று கேட்டால் பதில் வராது. படம் வரைபவர், உடை வடிவமைப்பவர், பாட்டு எழுதுபவர், லோகோ செய்து தருபவர், கொலு பொம்மை செய்பவர் என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே நிலைதான். “எனக்குக் கணக்கு வராதுங்க” என்ற வாக்கியத்தை எல்லோரும் கைவசம் வைத்திருக்கிறார்கள்.

அதை நான் ஏற்கவில்லை. இந்தத் தொழில்களுக்கு வேண்டிய கணக்கு கூட்டல், கழித்தல், வகுத்தலோடு முடிந்துவிடும். அவர்களை இரவில் தூங்கவிடாமல் செய்வது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததுதான்: வங்கிக் கணக்கில் இப்போது தெரிகிற தொகையில் என் பணம் எவ்வளவு? மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. வருங்கால வைப்பு நிதி, வரி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, அவருடையதை மட்டுமே நிறுவனம் வங்கியில் போடுகிறது. கலையைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு எல்லாப் பணமும் ஒன்றாகக் கலந்து வருகிறது. வாடிக்கையாளருடைய பணம், லேப்காரருடைய பணம், அரசாங்கத்தின் பணம், தன் வீட்டுப் பணம் எல்லாம் ஒரே எண்ணாகப் போன் திரையில் தெரிகிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும்.

ஆனி முடிந்த வாரம்

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் வேலை செய்யும் கல்யாண போட்டோகிராபர். ஆனி முகூர்த்தங்கள் முடிந்த வாரம், அவர் கணக்கில் 3,40,000 ரூபாய் இருக்கிறது. மனது நிறைந்திருக்கும் நேரம். நெடுநாளாகக் கண் வைத்திருந்த 1,80,000 ரூபாய் லென்ஸை வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்கலாம். ஆவணியில் நான்கு கல்யாணங்களுக்குத் தலா 20,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், 80,000 ரூபாய். அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. கல்யாணம் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ திருப்பிக் கேட்பார்கள். ஆகவே அது அவர் கையில் இருக்கும் பிறர் பணம். முடிந்த கல்யாணங்களில் ஆறு ஆல்பம் பாக்கி, ஒன்றுக்கு 12,000 வீதம் 72,000. எடிட்டருக்கும் கூட வந்து இரண்டாவது கேமரா எடுத்தவருக்கும் தர வேண்டியது 48,000. இதுவரை சரியாக 2,00,000 ரூபாய் போய்விட்டது. மிச்சம் 1,40,000.

அடுத்து வருவது ஆடி. கல்யாணம் கிடையாது. ஆனால் கடை வாடகை, மின்கட்டணம், இணையம், போன் எல்லாம் ஆடியிலும் வரும். அதற்கு 25,000, வீட்டுக்கு 35,000, ஆக 60,000. எல்லாம் போக அவருடையது என்று தைரியமாகச் சொல்லக்கூடியது 80,000 ரூபாய்.

3,40,000 என்று பார்த்து லென்ஸ் வாங்கியவர், அந்த நிமிடமே ஆடிச் செலவுக்கான 60,000 ரூபாயையும், அதற்கு மேல் 40,000 ரூபாய் பிறர் பணத்தையும் எடுத்துவிட்டார். அவருக்கே அது தெரியாது. புரட்டாசியில் ஆல்பம் கேட்டுப் போன் வரும்போதுதான் தெரியும். அதற்குள் ஐப்பசி முகூர்த்தத்துக்கு யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கி இதை அடைப்பார். சுழற்சி இப்படித்தான் தொடங்குகிறது. ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லாமல், நல்ல வேலைக்காரர் ஒருவர் சொன்ன சொல் தவறுகிறவர் ஆகிவிடுகிறார். போனை எடுக்கத் தயங்க ஆரம்பிக்கிறார்.

இதற்கு மருந்து எளிது. இரண்டாவதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, அட்வான்ஸ் தொகை, ஆல்பத்துக்கும் உடன் வேலை செய்தவர்களுக்கும் தர வேண்டியது, வரிக்கு ஒதுக்குவது ஆகியவற்றை வந்த அன்றே அதற்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கைப் போனில் உள்ள யுபிஐ செயலியோடு இணைக்காமலே விடுவது நல்லது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்துவிடுவோம். வீட்டுக்கு மூன்றாவது கணக்கு. மாதம் முதல் தேதி தொழில் கணக்கிலிருந்து ஒரு நிலையான தொகை, நம் உதாரணத்தில் 35,000, சம்பளம் போல வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். தை மாதத்தில் பணம் கொட்டுகிறது என்று 80,000 ஆக்கவும் வேண்டாம், மார்கழியில் வறட்சி என்று 10,000 ஆக்கவும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. தொழில் எப்படிப் போகிறது என்று தெரியாமல் கணவரின் முகத்தைப் பார்த்தே மாதச் செலவைத் திட்டமிடும் மனைவிமார்கள் இந்தத் துறையில் நிறைய.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் கல்யாணங்கள் அதிகம் எடுப்பவருக்கு நாட்காட்டி வேறு. தவக்காலமும் ரமலானும் அவருக்கு வேலை குறையும் மாதங்கள். எந்த மாதம் வறளும் என்பது இந்தத் தொழிலில் முன்கூட்டியே தெரியும். அது எவ்வளவு பெரிய வசதி என்பதைப் பலர் உணர்வதில்லை.

விலை எங்கிருந்து வருகிறது

“பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் ஐம்பத்தஞ்சுக்கு எடுக்கறாங்க” என்றால் நாமும் ஐம்பத்தைந்து என்பதுதான் பெரும்பாலும் விலை வைக்கும் முறை. பக்கத்துத் தெருக்காரருக்குச் சொந்தக் கட்டடம் இருக்கலாம், மகனே எடிட்டராக இருக்கலாம், அவரும் நஷ்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர் விலை நமக்கு எதையும் சொல்வதில்லை.

நம் விலைக்கு நம் வருடச் செலவைத்தான் பார்க்க வேண்டும். கேமரா, லென்ஸ், விளக்குகள் சேர்த்து 6,00,000 ரூபாய், ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 1,20,000. கம்ப்யூட்டர், ஹார்டு டிஸ்க், மென்பொருள் 60,000. கடை வாடகை மாதம் 8,000 வீதம் 96,000. மின்சாரம், போன், இணையம் 42,000. பழுது பார்ப்பதும் காப்பீடும் 30,000. பெட்ரோல் 36,000. விளம்பரமும் சில்லறையும் 16,000. கூட்டினால் 4,00,000 ரூபாய். ஒரு படம்கூட எடுக்காமல் கடையைத் திறந்து வைத்திருக்கவே இவ்வளவு ஆகிறது. வீட்டுச் சம்பளம் 4,20,000. மருத்துவச் செலவுக்கும் வறண்ட மாதத்துக்கும் ஒதுக்கம் 80,000. மொத்தம் 9,00,000.

வருடத்தில் 30 கல்யாணம் எடுக்கிறார் என்றால் ஒவ்வொரு கல்யாணமும் இதில் 30,000 ரூபாயைத் தாங்க வேண்டும். அதன் மேல் அந்தக் கல்யாணத்துக்கே ஆகும் நேரடிச் செலவு: ஆல்பம் 12,000, இரண்டாவது கேமரா 8,000, எடிட்டிங் 7,000, பயணமும் சாப்பாடும் 3,000, ஆக 30,000. இரண்டும் சேர்ந்து 60,000. இதுதான் அவருடைய அடிமட்ட விலை. 55,000-க்கு ஒப்புக்கொண்ட ஒவ்வொரு முகூர்த்தத்திலும் 5,000 ரூபாய் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். முப்பது கல்யாணத்தில் அது 1,50,000.

அப்படியானால் 60,000-க்குக் கீழே எந்த வேலையையும் தொடக் கூடாதா? தொடலாம். ஆனால் தேதியைப் பார்த்துத் தொட வேண்டும். தை மாதத்து நல்ல முகூர்த்த நாளை ஒரே ஒருவருக்குத்தான் விற்க முடியும். பத்துப் பேர் கேட்கும் அந்த நாளை 50,000-க்குக் கொடுத்தால், 70,000 தரத் தயாராக இருந்தவரைத் திருப்பி அனுப்புகிறோம். அதே 50,000 ரூபாய் வேலை, வேறு யாரும் கேட்காத புரட்டாசித் தேதியில் வந்தால் கதை மாறுகிறது. நேரடிச் செலவு 30,000 போக 20,000 மிஞ்சும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் போகப்போகிற வாடகைக்கு அது உதவும். 30,000-க்கும் கீழே மட்டும் எந்த மாதத்திலும் இறங்கக் கூடாது. வேலை செய்து கடன் வாங்குவதற்குச் சமம் அது. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைகளுக்கு விளம்பரப் படங்கள் வேண்டும், நகைக்கடைகளுக்குப் பொருள் படங்கள் வேண்டும். அந்த வேலைக்கு ஆல்பமும் இல்லை, இரண்டாவது கேமராவும் இல்லை என்பதால் நேரடிச் செலவு மிகக் குறைவு. தனியாக ஒரு விலை போட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண் மனதில் இருப்பவருடைய பேச்சே வேறு மாதிரி இருக்கும். “பார்த்துப் போட்டுக் குடுங்க தம்பி, நம்ம வீட்டு விசேஷம்” என்று பெண் வீட்டு அண்ணன் சொல்லும்போது, எண் தெரியாதவர் “சரிங்கண்ணே” என்று 10,000 ரூபாயைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். எண் தெரிந்தவர், “ரெண்டு நாளைக்கும் சேர்த்து எழுபத்தஞ்சு வருதுண்ணே. குறைக்கணும்னா ட்ரோனை எடுத்துடலாம், ஆல்பத்துல முப்பது ஷீட்டை இருபதாக்கலாம். எது வேணாம்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுத் தர்றேன்” என்பார். வேலையைக் குறைத்து விலையைக் குறைக்கிறார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

பணத்தை எப்போது வாங்குவது என்பதும் விலையைப் போலவே முக்கியம். தேதி குறிக்கும்போது 30 சதவீதம், கல்யாணத்துக்கு முந்தைய நாள் 50, படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், ஆல்பம் அச்சுக்குப் போகும் முன், 20. கடைசித் தவணையை ஆல்பம் கொடுக்கும்போது என்று வைத்தால் லேப் பணத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டிவரும். அச்சுக்கு முன் என்று வைத்தால் அந்தக் கல்யாணத்தின் ஆல்பத்துக்கு அந்தக் கல்யாணமே பணம் தருகிறது. சம்மதித்த அன்றே இதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டால் பிற்பாடு கேட்பதற்குக் கூச்சம் இருக்காது.

வரி: பயப்படும் அளவுக்கு இல்லை

வரி என்றாலே ஏதோ தப்பு செய்தது போன்ற நடுக்கம் இந்தத் துறையில் இருக்கிறது. “ரிட்டர்ன் போட்டா மாட்டிக்குவோம்” என்று இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் சொல்கிறார்கள். பலருக்கு நடப்பது நேர்மாறு: ரிட்டர்ன் போடாததால் தங்களுக்கு வர வேண்டிய பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

சினிமாவில் உடை வடிவமைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து வருடத்தில் 18,00,000 ரூபாய் வருகிறது. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் தரும்போது 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே, பிடித்துக்கொண்டுதான் தரும். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிறுவனம் ஒருவருக்கு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இது பொருந்தும். ஆக 1,80,000 ரூபாய் அவர் பான் எண்ணின் பேரில் அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும். போனது போனதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது வரியாக முன்கூட்டியே கட்டிய பணம், அவ்வளவுதான். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் எந்த நிறுவனம் எவ்வளவு பிடித்தது என்று வரிவரியாக இருக்கும். பிடித்துவிட்டு அரசிடம் கட்டாத நிறுவனம் எது என்பதும் அங்கேதான் தெரியவரும்.

இனி அவர் உண்மையில் கட்ட வேண்டிய வரியைப் பார்க்கலாம். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, குறிப்பிட்ட சில தொழில்களில் இருப்பவர்களுக்கு வரவில் பாதியை லாபம் என்று எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. செலவுக்கு ரசீது சேர்க்க வேண்டாம், விரிவான கணக்குப் புத்தகம் வேண்டாம். வருட வரவு 50 லட்சம் வரை இது செல்லும். ரொக்கமாக வந்தது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. உள் அலங்காரம் செய்பவர்களும் சினிமாக் கலைஞர்களும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். சினிமா என்ற தலைப்புக்குள் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், பாடகர், பாடலாசிரியர், கதை வசனம் எழுதுபவர், உடை வடிவமைப்பாளர் எல்லோரும் அடக்கம். நம் வடிவமைப்பாளரின் வருமானம் இதன்படி 9,00,000. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி கிடையாது. வேறு வருமானம் இல்லை என்றால் பிடித்த 1,80,000 ரூபாய் முழுவதும் அவருக்கே திரும்ப வர வேண்டும். ஒரே நிபந்தனை, ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.

அவர் வரவு 28 லட்சமாக உயர்ந்து, வருமானம் 14 லட்சம் ஆனாலும் வரி, அதன் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து, 93,600 ரூபாய். வரவில் நூற்றுக்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. பல வருடப் பயத்தை இந்த எண்ணோடு வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

இதில் ஒரு நெளிவு உண்டு. சினிமா ஒளிப்பதிவாளர் பட்டியலில் இருக்கிறார், கல்யாண போட்டோகிராபர் பெயர் அதில் இல்லை. லோகோ செய்யும் டிசைனரும் நேரடியாக இல்லை. வணிகம் செய்பவர்களுக்கான 44ஏடி என்ற இன்னொரு பிரிவு உண்டு. அதில் வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதமும், ரொக்கத்தில் 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். தன் வேலை எந்தப் பிரிவில் அடங்கும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாத இடம் இது. 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் இந்தப் பிரிவு எண்களும் வேறு. ஆடிட்டர் வேறு எண் சொன்னால் குழம்ப வேண்டாம். இந்த இரண்டு பிரிவிலும் வருபவர்கள் முன்கூட்டிய வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டியதில்லை, மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும்.

ஜிஎஸ்டி கொஞ்சம் முரட்டுத்தனமானது. சேவை வேலைகளில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலையும் சேர்த்துத்தான் இந்த 20 லட்சம். தாண்டப்போகிறோம் என்பது இரண்டு மாதம் முன்பே தெரிய வேண்டும், ஏனென்றால் விலையை அப்போதே மாற்ற வேண்டும். “எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்” என்று பழைய விலையில் ஒப்புக்கொண்ட வேலைக்கு 18 சதவீத வரியை அதற்குள்ளிருந்தே எடுத்தால் 15,254 ரூபாய் அரசுக்கு, 84,746 நமக்கு. கல்யாண வீட்டாருக்கு அந்த வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால் அவர்கள் கூடுதலாகத் தர மாட்டார்கள். நிறுவன வாடிக்கையாளருக்கு அது உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, திரும்பக் கிடைக்கும், அவர்கள் முகம் சுளிப்பதில்லை. நிறுவனம் பணம் தரும் முன்பே, பில் போட்ட மாதத்துக்கான வரியைக் கட்ட வேண்டி வருவது இதில் இன்னொரு அடி. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அந்தத் தொகையையாவது முன்பணமாகக் கேட்டுவிடுவது நல்லது.

நிறுவனத்துக்குப் போட்ட ஒரு பில்லை முழுதாகப் பார்த்தால் எல்லாம் தெளியும். கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000, மொத்தம் 1,18,000. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் கட்டணத்தின் மேல் மட்டுமே: 10,000. வங்கிக்கு வருவது 1,08,000. அதில் 18,000 அரசுடையது, உடனே இரண்டாவது கணக்குக்குப் போக வேண்டும். 90,000 நம்முடையது. 10,000 நம் பெயரில் 26ஏஎஸ்ஸில் நிற்கிறது.

பாக்கி வைக்கும் நிறுவனங்கள்

கல்யாண வீட்டாரைவிடப் பணம் தராமல் அதிகம் இழுப்பவை நிறுவனங்கள்தான். “பேமென்ட் பிராசஸ்ல இருக்கு சார்” என்ற பதிலை மூன்று மாதம் கேட்ட டிசைனர்கள் ஏராளம். இங்கே சட்டம் கலைஞர் பக்கம் நிற்கிறது, அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கு மேல், காலக்கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுத்து முடிக்கும்வரை அந்த நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த இந்த விதிதான் கணக்குப் பிரிவினரை அசைக்கிறது. மார்ச் மாதம் பழைய பில்லை நினைவூட்ட நல்ல காலம்.

இதற்கு வேண்டியது உத்யம் பதிவு. அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் வைத்து இலவசமாகச் செய்துகொள்ளலாம். காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களை நம்ப வேண்டாம். வேலை எடுக்கும் முன்பே பதிவு செய்துவைத்து, ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணைப் போட வேண்டும். சண்டைக்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. எண்ணைப் பார்த்தாலே சிலர் தேதியைக் கவனிப்பார்கள். அப்படியும் தராவிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதி மன்றத்தில் புகார் செய்யலாம்.

பணம் முன்னே போகும் தொழில்கள்

போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் முதலில் வருகிறது. மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்களுக்கு இது தலைகீழ். வருடம் முழுக்க மண், காகிதக்கூழ், வண்ணம், கூலி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். விற்பனை நவராத்திரியை ஒட்டிய சில வாரங்களில். நடுவில் மழை பிடித்தால் காய வைத்தது காயாது. அவர்களுக்குக் கல்யாண போட்டோகிராபரின் கணக்கு பொருந்தாது. எத்தனை மாதச் செலவைக் கையில் வைத்திருந்தால் விற்பனை வரை தாக்குப்பிடிக்க முடியும் என்பதுதான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண். அது இல்லாதபோது மொத்த வியாபாரி முன்பணம் தந்து, அவர் சொல்லும் விலைக்குச் சரக்கை எடுத்துக்கொள்ளும் நிலை வருகிறது.

இன்னொன்றும் இந்தக் குடும்பத் தொழில்களில் என்னை வருத்துகிறது. வீட்டுப் பெண்கள் கண் எழுதி, வண்ணம் தீட்டும் நாட்கள் எந்த விலையிலும் ஏறுவதில்லை. ஒரு செட்டுக்கு வண்ணம் தீட்ட ஒருவருக்கு இரண்டு நாள் ஆகிறது என்றால், வெளியாளை வைத்தால் கொடுக்கும் இரண்டு நாள் கூலி அந்த செட்டின் விலைக்குள் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு லாபம் என்று சொல்வது அந்தப் பெண்களின் உழைப்பைத்தான்.

முதலுக்குக் கடன் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரையுள்ள சிசு பிரிவு தொடங்கிப் பெரிய தொகைகள் வரை பிணை இல்லாத கடன் கிடைக்கும். வீட்டு நகையை அடகு வைத்துக் கேமரா வாங்குவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். எந்தக் கடன் என்றாலும் மாதத் தவணையை ஆடியிலும் மார்கழியிலும் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும். தை மாதத்து வரவை வைத்துப் போட்ட தவணைதான் பலரை அழுத்துகிறது.

எழுத்தும் இசையும் படமும் செய்பவர்களுக்குப் பணமாக வராத ஒரு சொத்தும் இருக்கிறது, காப்பிரைட் எனப்படும் காப்புரிமை. 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், வரையச் சொன்ன ஓவியத்துக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் ஆகிறார். அதனால் கொட்டேஷனில் “எதற்கு, எங்கே, எத்தனை வருடம்” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு கடையின் தீபாவளிச் சுவரொட்டிக்கு வரைந்த படம் ஐந்து வருடம் பெட்டிகளிலும் பைகளிலும் அச்சாகப் போகிறது என்றால் அதற்கு விலை தனி.

ஞாயிறு முகூர்த்தம் முடிந்த திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஒரு நோட்டில் தேதி, யாருக்கு, பேசிய தொகை, வந்தது, பாக்கி, நாம் தர வேண்டியது என்று எழுதி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, இரண்டாவது கணக்குக்குப் போக வேண்டியதை அனுப்பிவிடலாம். மூன்று மாதம் எழுதிய பிறகு அந்த நோட்டையும், வங்கிக் கணக்கு அறிக்கையையும், 26ஏஎஸ் படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போகலாம். என் வேலை எந்தப் பிரிவில் வரும், ஜிஎஸ்டி வரம்புக்கு நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன், மாதம் எவ்வளவு வரிக்கு எடுத்து வைக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ள வேண்டும். புரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி மறுபடி கேட்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம் தருகிறோம்.